உப்பளத்துக்காரனின் ஏலக் கணக்கு

மரக்காணத்தில் உப்பு வியாபாரம் செய்கிறவனுக்குப் புதுச் சாமான் கட்டுபடியாகாது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் எளிதில் நம்புவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுடைய கண்ணுக்குத் தெரிவதெல்லாம், பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி மூவாயிரம் ஏக்கருக்குக் குறையாமல் விரிந்து கிடக்கும் பாத்திகளும், வரப்போரத்தில் குவித்திருக்கும் வெள்ளை அம்பாரங்களுமே. அந்த வெண்மைக்குப் பின்னால், தண்ணீர் இறைக்கும் எஞ்சின் முதல் மூட்டை ஏற்றும் லாரி வரையில், இரும்பென்று பெயர் கொண்ட ஒவ்வொன்றையும் உப்புக் காற்று இரவு பகல் பாராமல் தின்றுகொண்டிருக்கிறது என்பது, அந்த இரும்புக்குப் பணம் கொடுத்தவனுக்குத்தான் தெரியும். தை மாதத்தில் பாத்திகளை மிதித்துச் சீர்செய்யத் தொடங்கியது முதல், ஐப்பசி மழை வந்து எல்லாவற்றையும் கரைத்துவிட்டுப் போகும் வரைக்கும்தான் எங்களுக்கு வருமானம். மீதி மாதங்களில் எஞ்சின் சும்மா நிற்கும். துரு சும்மா நிற்காது. ஆகவே பழைய சாமானை நயமான விலைக்கு வாங்கத் தெரியாதவன் இந்தக் கரையில் நாலைந்து பருவம் தாக்குப்பிடிப்பது அரிது. நயமான விலைக்குப் பழைய சாமான் கிடைக்கும் இடமோ ஏலம் ஒன்றுதான்.

நான் தொழில் பழகிய காலத்து ஏலங்கள் மரத்தடியில் நடந்தவை. நெடுஞ்சாலைப் புளியமரங்களின் மகசூல், ஏரிகளின் மீன் பாசி, இடித்த கட்டடத்தின் ஓடும் உத்திரமும், ஓட்டத்துக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கிய சர்க்கார் ஜீப்பு என்று, எதுவாக இருந்தாலும் ஓர் அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, பக்கத்தில் நின்றவர் ஒரு தரம், இரண்டு தரம் என்று உரக்கக் கூவ, கூட்டத்தில் கேட்கிறவன் யார், வேடிக்கை பார்க்க வந்தவன் யார் என்று பிரித்தறிவதே அங்கே பாதி வித்தை. என்னை முதன்முதலில் அழைத்துக்கொண்டு போன என் தாய்மாமன், “எதிராளி மூஞ்சியைப் பாக்காதடா, அவன் கல்லு மாதிரிதான் நிப்பான். கூட ஒருத்தனை இட்டாந்திருப்பான் பாரு, அவன் மூஞ்சியைப் பாரு” என்பார். வாஸ்தவந்தான். கேட்கிறவன் முகத்தில் சலனம் இராது. அவன் கொடுக்க நினைத்த எல்லை விலை நெருங்க நெருங்க, கூட வந்தவன் கால் மாற்றி நிற்பான், துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போடுவான்.

அந்த ஏலங்களுக்கு ஒரு வியாதியும் இருந்தது. வந்திருப்பவர்கள் எல்லாரும் முன்கூட்டியே டீக்கடையில் கூடி, ஒருவன் மட்டும் கேட்பது, மற்றவர்கள் வாய் திறவாதிருப்பது, அதற்குப் பிரதியாக லாபத்தைப் பங்கிட்டுக்கொள்வது என்று பேசி முடித்துவிடுவார்கள். இதற்குச் சிண்டிகேட் என்று பெயர். சர்க்காருக்கு நஷ்டம், ஊருக்குத் தெரிந்த ரகசியம். உப்புக்கும் இந்த வியாதிக்கும் உறவு பழையது: கிழக்கிந்தியக் கம்பெனியார் 1788 முதல் வங்காளத்து உப்பைக் கல்கத்தாவில் பகிரங்க ஏலத்தில் விற்கத் தொடங்கியபோது, பணம் படைத்த மொத்த வியாபாரிகள் சிலரே பெரும் பெரும் பங்காக எடுத்து, சரக்கை முடக்கி வைத்து விலையை உயர்த்தினார்கள். நம் சென்னை ராஜதானியில் 1805இல் உப்பு ஏகபோகம் வந்தபோது கம்பெனியாரே விலையை நிர்ணயித்து விற்றார்கள் என்பதால் அந்தக் கூத்து இங்கே நடக்கவில்லை. ஏழைக்கு உப்பின் விலை அதனால் குறைந்துவிட்டதாகவும் சொல்லமுடியாது.

இப்போது ஏலம் கணினிக்குள் போய்விட்டது. 1964இல் கல்கத்தாவில் பழைய இரும்பு வியாபாரத்துக்கென்று ஆரம்பிக்கப்பட்ட எம்.எஸ்.டி.சி. என்னும் சர்க்கார் ஸ்தாபனம், பொதுத்துறை நிறுவனங்கள் கழித்துப் போடும் சாமான்களை இன்று இணையத்தில் ஏலம் விடுகிறது. வங்கிகள், 2002ஆம் வருஷத்துச் சர்ஃபாசி சட்டத்தின் கீழ்க் கடன் கட்டாதவர்களிடமிருந்து கையகப்படுத்திய நிலம், கட்டடம், யந்திரம் ஆகியவற்றை அவ்விதமே விற்கின்றன. போட்டியாளர் கோயம்புத்தூரில் இருக்கிறாரா, குஜராத்தில் இருக்கிறாரா, அடுத்த தெருவில்தான் இருக்கிறாரா என்று தெரியாது; திரையில் ஓர் எண் மாத்திரம் ஏறும். முகம் பார்த்துக் கேட்டுப் பழகிய எங்கள் தலைமுறையில் பலர் இத்துடன் தொழிலை விட்டார்கள். எனக்கோ இது அனுகூலமாகவே பட்டது. முகம் மறைந்துவிட்ட இடத்தில் சாமர்த்தியப் பேச்சுக்கும் அரட்டலுக்கும் வேலை இல்லாமற்போய், சரக்கை நன்றாகப் பார்த்தவனுக்கும் கணக்கை ஒழுங்காகப் போட்டவனுக்கும் மதிப்பு வந்துவிடுகிறது.

சரக்கைப் பார்ப்பது என்கிறேனே, அதை இந்நாளில் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. ஏல அறிவிப்பில், உள்ளது உள்ளபடி, இருக்குமிடத்தில் இருக்கும்படி விற்கப்படும் என்று ஒரு வாசகம் இருக்கும். படம் நாலு போட்டிருக்கும். பார்வையிடும் தேதியும் நேரமும் கொடுத்திருக்கும். அந்தத் தேதியில் ஒரு நாளைச் செலவிட்டு யார்டுக்குப் போகிறவன், வீட்டிலிருந்தே கேட்கிறவனைவிட முன்னால் நிற்கிறான். லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் கேபின் பளபளவென்றிருக்கும், டயர் கறுப்பாகத் தெரியும். நான் முதலில் கீழே குனிந்து, சேஸியில் குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகளில் சுத்தியின் மறுமுனையால் தட்டிப் பார்ப்பேன். உப்பு ஏற்றிய வண்டியானால் அங்கே இரும்பு ஏடு ஏடாகப் பெயரும். மேலே எத்தனை வர்ணம் அடித்திருந்தாலும் அந்தச் சத்தம் பொய் சொல்லாது. கருங்கல் ஏற்றிய வண்டியாகட்டும், நெல் ஏற்றிய வண்டியாகட்டும், வேறு விதமாகத் தேய்ந்திருக்கும், அதைப் பழுது பார்க்கலாம். உப்பு தின்ற சேஸிக்குப் பரிகாரம் கிடையாது. வெளியூர் வியாபாரிகளுக்கு இந்தப் பரீட்சை தெரியாது. ஆகையால் கடற்கரை வண்டிக்கு அவர்கள் அதிகமாகக் கொடுத்துவிட்டுப் போவதையும், உள்நாட்டு வண்டியை நான் அவர்களிடமிருந்து தட்டிக்கொண்டு வருவதையும் என் அனுபவத்தில் அடிக்கடி கண்டிருக்கிறேன்.

பழைய இரும்பு லாட்டுகளில் கவனிக்கவேண்டியது வேறு. எடைக்கு விற்பதா, மொத்தமாக விற்பதா என்று முதலில் பார்க்கவேண்டும். எடைக்கு என்றால், ஒட்டிக்கொண்டிருக்கும் மண்ணும் கட்டையும்கூட இரும்பு விலைக்கு எடை ஏறும். மொத்தமாக என்றால் நம் கண் மதிப்பே தராசு. சரக்கு சேவை வரி கேள்வித்தொகைக்குள் அடங்காது, அதன்மேல் தனியாக வரும். குறித்த நாளுக்குள் சரக்கை எடுக்கத் தவறினால் தரை வாடகை ஓட ஆரம்பிக்கும்.

இவ்வளவும் பார்த்த பின்பு எல்லை விலையை நிர்ணயிக்கவேண்டும். ஒரு லாரி ஓடும் நிலையில் சந்தையில் 9,00,000 ரூபாய் பெறும் என்று வைத்துக்கொள்வோம். டயர் மாற்ற 1,20,000. தகுதிச் சான்று, காப்பீடு, பாக்கி வரி இவற்றுக்கு 60,000. பாடி வேலைக்கும் எஞ்சின் வேலைக்கும் 90,000. பெயர் மாற்றி ஊர் கொண்டுவந்து சேர்க்க 30,000. இவற்றைக் கழித்தால் நிற்பது 6,00,000. கண்ணுக்குத் தப்பிய பழுதுக்கும் நம்முடைய பிரயாசைக்குமாக இன்னும் 60,000 தள்ளினால், எல்லை 5,40,000. இதை ஏலத்துக்கு முந்தின இரவே ஒரு காகிதத்தில் எழுதி, கணினிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது என் வழக்கம். ஏலம் நடக்கும்போது போடுகிற கணக்கு எப்போதும் ஏலத்துக்குச் சாதகமாகவே வரும்.

கண்ணுக்குத் தப்பிய பழுதுக்கென்று ஒரு தொகையைத் தள்ளுவது கோழைத்தனம் என்று சிலர் நினைக்கலாம்; அப்படியல்ல. அமெரிக்காவில் மெக்ஸிகோ வளைகுடாவின் எண்ணெய் நிலங்களை மூடிய உறை டெண்டரில் எடுத்த பெரிய கம்பெனிகள், எடுத்த பிறகு எதிர்பார்த்த லாபம் காணாததன் காரணத்தை மூன்று பொறியாளர்கள் ஆராய்ந்து 1971இல் எழுதினார்கள். ஒரே பொருளைப் பலர் மதிப்பிடும்போது சிலர் குறைத்தும் சிலர் கூட்டியும் மதிப்பிடுவார்கள். ஏலம் யாருக்கு விழுகிறதென்றால், மிக அதிகமாகக் கூட்டி மதிப்பிட்டவனுக்கு. ஆக, போட்டியாளர் எண்ணிக்கை பெருகப் பெருக, ஜெயிக்கிறவன் அதிகம் கொடுத்துவிட்டவனாக இருப்பதற்கே சாத்தியம் மிகுதி. பத்துப் பேர் கேட்கும் ஏலத்தில் என் எல்லையை இன்னும் சற்று இறக்கிக்கொள்வதற்கு இதுவே நியாயம். கூட்டத்தைக் கண்டு எல்லையை ஏற்றுகிறவர்கள்தான் உலகத்தில் அதிகம்.

கேட்கும் முறைக்கு வருவோம். இளைஞர்களுக்கு இதில் ஒரே ஒரு சூத்திரம்தான் தெரிந்திருக்கிறது. என் அக்காள் மகன் ஒருநாள், “மாமா, கடைசி செகண்டுல போட்டா ஜெயிச்சுடலாம்னு சொல்றாங்களே?” என்று கேட்டான்.

“எந்தக் கடிகாரத்துல கடைசி செகண்டு, மாப்ளே?” என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. 1995இல் தொடங்கிய ஈபே என்னும் அமெரிக்க ஏலத் தளத்தில் முடிவு நேரம் ஸ்திரமானது. மணி அடித்தால் அடித்ததுதான். அங்கே கடைசி விநாடியில் தொகையைப் போடுகிறவனுக்குப் பதில் கேட்க எதிராளிக்கு அவகாசமே இல்லை. அதே காலத்தில் அமேசான் நடத்திய ஏலங்களிலோ, கடைசிப் பத்து நிமிஷத்தில் ஒருவர் கேட்டால் நேரம் மேலும் நீளும். ஆல்வின் ராத், ஆக்ஸெல் ஆக்கென்ஃபெல்ஸ் என்னும் இரண்டு பொருளாதார அறிஞர்கள் இவ்விரண்டையும் ஒப்பிட்டு 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழம்பொருள் ஏலங்களில், இறுதிக் கேள்வி கடைசி ஐந்து நிமிஷத்துக்குள் விழுந்தவை ஈபேயில் 59 சதவீதம்; அமேசானில் ஏறக்குறைய 3 சதவீதம். வாங்குகிற மனுஷர்களின் சுபாவம் ஒன்றே. விதி மாறியது, நடத்தை மாறியது. நம் நாட்டு வங்கி ஏலங்களோ அமேசான் ஜாதி. கடைசி ஐந்து நிமிஷத்துக்குள் எவராவது கேட்டால் இன்னும் ஐந்து நிமிஷம் நீளும், அதற்குள் மற்றவர் கேட்டால் மறுபடியும் நீளும், இப்படி எல்லையின்றி நீளும் என்று விதித்தாளில் எழுதியிருப்பார்கள். அப்படிப்பட்ட ஏலத்தில் கடைசி விநாடிக்காகக் காத்திருப்பதில் பலன் எதுவும் இல்லை; மின்சாரமோ இணைப்போ போய்விட்டால் நஷ்டம் மாத்திரம் உண்டு. மரக்காணத்தில் மின்சாரம் எப்போது போகும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. ஏல நாளில் இரண்டு வேறு கம்பெனிகளின் சிம் போட்ட இரண்டு போன்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் நான் உட்காருவதில்லை.

நேரம் நீளும் ஏலத்தில் உபயோகப்படுகிற யுக்தி வேறொன்று உண்டு. ஒவ்வொரு கேள்வியும் முந்தியதைவிட இத்தனை ரூபாய் ஏறவேண்டும் என்று நிர்ணயித்திருப்பார்கள்; நாங்கள் அதைப் படி என்போம். மேலே சொன்ன லாரிக்குப் படி 10,000 என்றும், மற்றவர்கள் விலகி இருவரே மிஞ்சிவிட்டோம் என்றும் கொள்ளுங்கள். நான் 4,80,000இல் நின்றால் அவர் 4,90,000, நான் 5,00,000 என்று மாறி மாறி ஏறி, என் எல்லையான 5,40,000 என் முறையில் வந்து விழும். நான் 4,90,000இல் நின்றாலோ அந்த 5,40,000 அவர் முறைக்குப் போய்விடும்; நான் 5,30,000உடன் நிற்கவேண்டியதுதான். ஆகவே முறை தவறி வருகிறதென்று கண்டதும், விலை இன்னும் தாழ்வாக இருக்கும்போதே, ஒரே ஒரு தடவை இரண்டு படி ஒன்றாகத் தாண்டிக் கேட்டுவிட்டால் வரிசை நம் பக்கம் திரும்பிவிடும். தாண்டிக் கேட்கும் விதிகூட எல்லா ஏலத்திலும் இல்லை, முன்னதாகப் படித்து வைத்துக்கொள்ளவேண்டும். இந்தச் சின்னக் கணக்கு பத்தாயிரம் ரூபாய் வித்தியாசத்தில் கைநழுவ இருந்த சரக்குகளை எனக்குப் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

இதைவிடப் பெரிய ஆயுதம், கேட்காமல் இருப்பது. வங்கி நிர்ணயிக்கும் குறைந்தபட்ச விலைக்கு ஒருவரும் வராவிட்டால் ஏலம் வீணாகி, மறுபடி அறிவிப்பு வரும்போது அந்த விலையைக் குறைத்துப் போடுவது சகஜம். அசையாச் சொத்தானால் முதல் ஏலத்துக்கு முப்பது நாள் முன்னறிவிப்பு, மறு ஏலத்துக்குப் பதினைந்தே நாள். முதல் அறிவிப்பில் விலை மிஞ்சியதாக எனக்குத் தோன்றினால் பேசாமல் பக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்வேன். பருவமும் பார்க்கவேண்டும். பங்குனியில் டீசல் எஞ்சின் ஏலத்துக்கு வந்தால் இந்தக் கரையில் கையில் காசுள்ள அத்தனை பேரும் அதன்மேல் கண் வைப்பார்கள். மார்கழியில் வந்தால், பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர் நிற்க, எவனுக்கும் எஞ்சின் ஞாபகமே வராது. என்னிடம் இருக்கும் எஞ்சின்கள் மார்கழிச் சரக்குதான்.

எல்லை விலையை வெளியே விடக்கூடாது. ஜெர்மானியக் கவி கோத்தே, 1797இல் தம்முடைய காவியம் ஒன்றைப் பதிப்பாளருக்கு விற்க ஒரு விசித்திரமான ஏற்பாடு செய்தார். தமக்கு வேண்டிய தொகையை ஓர் உறையில் எழுதி முத்திரையிட்டு நடுவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பதிப்பாளர் அதற்குக் குறைவாகக் கேட்டால் விற்பனை இல்லை, கூடுதலாகக் கேட்டால் உறையில் உள்ள தொகையே போதும் என்றார். உறைக்குள் இருந்தது 1,000 தாலர். பதிப்பாளர் கேட்டதும் சரியாக 1,000 தாலர்! நடுவர் வாயை விட்டுவிட்டார். ஜெயிக்கிறவன் தான் கேட்ட தொகையையே கொடுக்கவேண்டியதில்லை என்னும் இதே தத்துவத்தை வில்லியம் விக்ரே என்பவர் 1961இல் சாஸ்திர முறைப்படி எழுதி, 1996இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டு மூன்றாம் நாள் காலமானார். சாஸ்திரம் எத்தனை சுத்தமானாலும் நடுவில் இருக்கிற ஆள் வாயைக் கட்டாவிட்டால் பிரயோஜனமில்லை. நம் ஊரில் தாமே கணினி தொடாத வியாபாரிகள், பிரவுசிங் சென்டரில் வேலை செய்கிற பையனிடம் எல்லையைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். அதே பையன் இன்னொருவருக்காகவும் பக்கத்துத் திரையில் உட்கார்ந்திருப்பான்.

ஏலத்துக்கு முந்தின நாள் போன் வருவதும் உண்டு. முகம் மறைந்தாலும் சிண்டிகேட் அடியோடு மறையவில்லை. நீங்கள் விட்டுக்கொடுங்கள், பங்கு தருகிறோம் என்பார்கள். இப்படிக் கூடிப் பேசி ஏலம் கேட்பது 2002ஆம் வருஷத்துப் போட்டிச் சட்டத்தின் மூன்றாவது பிரிவுப்படி சட்ட விரோதம் என்பதோடு, பேசியபடி நடக்கிறவர்கள் அந்தக் கூட்டத்தில் அபூர்வம் என்பதும் எனக்குத் தெரியும். போனை வைத்துவிடுவேன்.

நிலம் ஏலத்துக்கு வந்தால் பத்து மடங்கு ஜாக்கிரதை வேண்டும். எங்கள் பாத்திகளில் பெரும்பகுதி மத்திய, மாநில சர்க்கார்களுக்குச் சொந்தமானவை; குத்தகைக்காரனுக்கு உரிமை எதுவரை என்று பார்க்காமல் அவற்றை ஒட்டிய எதையும் கேட்கக்கூடாது. இறால் பண்ணை நிலமானால், கடற்கரையிலிருந்து எத்தனை தூரம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்று விசாரிக்கவேண்டும். அந்த மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளில் பாரம்பரிய முறையில் நடந்தவை நீங்கலாக மற்றவற்றை அகற்றும்படி உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது; அதற்குப் பின் சட்டம் மாறியிருப்பதால் இப்போதைய விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். வில்லங்கச் சான்றை நாமே எடுத்துப் பார்க்கவேண்டும். கடன்காரர் கடைசி நேரத்தில் பணம் கட்டி மீட்டுக்கொள்வாரோ என்று முன்பெல்லாம் கவலை இருந்தது. ஏல அறிவிப்பு வெளியானதோடு அந்த உரிமை முடிந்துவிடுகிறது என்று உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் சொல்லிவிட்டது.

பணத்தை முதலில் ஏற்பாடு செய்யாமல் பொத்தானைத் தொடாதீர்கள். குறைந்தபட்ச விலையில் பெரும்பாலும் 10 சதவீதம் முன்வைப்புத் தொகை. அசையாச் சொத்தின் ஏலம் நம் பேரில் விழுந்தால் அன்றைக்கோ அடுத்த வேலை நாளுக்குள்ளோ, முன்வைப்பையும் சேர்த்து 25 சதவீதம். விற்பனை உறுதியான பதினைந்தாம் நாளுக்குள் மீதி. வங்கி எழுத்து மூலம் சம்மதித்தால் மூன்று மாதத்துக்கு மேற்படாத அவகாசம் கிடைக்கலாம். தவறினால் கட்டியது முழுவதும் பறிபோகும். தமிழ்நாட்டு ஏல வழக்கு ஒன்றில், மீதியைக் கட்டமுடியாதவருக்கு உயர் நீதிமன்றம் காட்டிய சலுகையை ரத்து செய்து, 25 சதவீதத்தையும் வங்கி எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தீர்ப்புக் கூறியது. பறிபோன தொகை கோடிக்கணக்கு.

இதையெல்லாம் எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அசையாச் சொத்தின் ஏல அறிவிப்பை அந்த வட்டாரத்து மொழிப் பத்திரிகை ஒன்றிலும் வெளியிடவேண்டும் என்று விதி இருக்கிறது. அதன்படி தமிழில் சுருக்கமாக ஓர் அறிவிப்பு வருகிறது. ஆனால் நேரம் எப்படி நீளும், படி எவ்வளவு, பணம் எப்போது கட்டவேண்டும், எப்போது பறிபோகும் என்பதையெல்லாம் விவரிக்கிற விதித்தாள், நான் கண்டவரையில், ஆங்கிலத்திலேயே இருக்கிறது. மரக்காணத்தில் உப்பு வாரும் தொழிலாளிகள் நாலு பேர் சேர்ந்து ஓர் எஞ்சினை ஏலத்தில் எடுத்தால், நாள் வாடகைக்கு எடுக்கும் செலவு அவர்களுக்கு மிச்சமாகும். ஆனால் அந்த விதித்தாளைப் படிக்கமுடியாததனால் தரகன் கையில் எல்லையையும் பணத்தையும் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள். வங்கிகளும் சர்க்கார் ஏல ஸ்தாபனங்களும் அந்த விதித்தாளை முழுமையாகத் தமிழில் வெளியிடவேண்டும் என்று, இத்தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.